செவ்வரிக்கூனிக்கு வந்த வரன்

காலைல பத்து நாப்பதுக்கு மாப்பிள்ளை வீட்டு அண்ணாச்சி காப்பியில ஒரு வாய் குடிச்சுட்டு, டம்ளரைக் கீழ வச்சு, "தண்ணி லேசா உப்புக் கரிக்கு"ன்னு சொன்னார். அதோட எல்லாம் கெட்டுப்போச்சு.

எங்க அப்பா ஆவுடையப்பன், பேரூராட்சித் தண்ணித்தொட்டி ஆபரேட்டர். கீழப்பாறை ஊர் முழுக்க இருபத்திரெண்டு வருஷமா அவர் வால்வு திறந்தாதான் தண்ணி. யாராவது எங்க வீட்டுச் சாப்பாட்டைக் குறை சொன்னா சிரிச்சுக்குவார். என் மார்க்கைக் குறை சொன்னா கூடச் சேந்து சொல்லுவார். தண்ணியச் சொன்னா மட்டும் அவருக்குக் காது சிவந்துரும். அன்னைக்குச் சிவந்துச்சு. நான் அடுப்படி நிலைகிட்ட நின்னு பாத்தேன்.

பொண்ணு கூடத்துல கண்ணாடித் தொட்டிக்குள்ள இருந்துச்சு. செவ்வரிக்கூனி. ஓடையில வாழற சின்ன இறால், என் சுண்டுவிரல்ல பாதி நீளம். உடம்பு கண்ணாடி மாதிரி இருக்கும், ரெண்டு பக்கமும் ஒத்தைச் சிவப்புக் கோடு. அந்த இனத்துல உலகத்துல மிச்சமிருந்த ஒரே பொண்ணு அதுதான். மிச்சமிருந்த ஒரே ஆண், அண்ணாச்சி காலுக்குப் பக்கத்துல எவர்சில்வர் தூக்குவாளிக்குள்ள இருந்துச்சு. மூடிமேல ஈரத்துண்டு போட்டிருந்தாங்க.

எங்க பக்கத்துல ஒரு இனம் பத்துக்குக் கீழ போயிட்டா வனத்துறை அதை வச்சுக்கறதில்ல, வீடுகளுக்குப் பிரிச்சுக் கொடுத்துரும். எதிர்வீட்டு டீச்சர்கிட்ட ஒரு நத்தை இருக்கு. பஸ் ஸ்டாண்டு டீக்கடையில ரெண்டு ஓடைக்கெளுத்தி இருக்கு, ரெண்டும் ஆம்பளை. வாங்கின வீடுதான் அதுக்குத் தாய் தகப்பன். எங்க கட்டிக் கொடுக்கறதுன்னு அந்த வீடுதான் முடிவு பண்ணும். செவ்வரிக்கூனி ரெண்டும் சருகோடையில ஒரே பள்ளத்துல, ஒரே வலையில, ஒரே நாள்ல கிடைச்சதுங்க. ஒரே வீட்டுல கொடுத்தா அண்ணன் தங்கச்சி ஆயிடும், அப்புறம் கட்டி வைக்க முடியாது. அதனால பொண்ணை எங்களுக்கும், ஆணை மேலவிளையில அண்ணாச்சி வீட்டுக்கும் கொடுத்தாங்க. பதினோரு மாசம் ஆச்சு.

இந்த இடத்துல ஒண்ணு சொல்லியே ஆகணும். எனக்கு இதை நெனச்சா இப்பவும் உடம்பு சிலிர்க்கும். கூனி வளர வளர பழைய ஓட்டைக் கழட்டிப் போட்டுட்டு வெளிய வரும். மீசை, கால், கண்ணுமேல இருக்கற மூடி வரைக்கும் முழுசா கழண்டு, இன்னொரு கூனி மாதிரியே தண்ணியில கிடக்கும். முட்டை திரண்ட பொண்ணு அப்படிக் கழட்டின அன்னைக்கு மட்டும்தான் ஆணைச் சேத்துக்கும். புது ஓடு இறுகறதுக்குள்ள. காலைல கழட்டினா சாயங்காலம் வரைக்கும். அவ்வளவுதான் நேரம். அப்புறம் முட்டையெல்லாம் வயித்துக்கு அடியில வந்துரும். அதைக் காலாலேயே ராப்பகலா விசிறிக்கிட்டு இருக்கும், காத்து படணும்னு. நான் அதைப் பாக்கத்தான் பதினோரு மாசம் காத்திருந்தேன்.

எங்க கூனிக்கு முதுகுல முட்டை திரண்டு மஞ்சளாத் தெரிஞ்சு பத்து நாளாச்சு. அன்னைக்குக் காலைல அஞ்சே முக்காலுக்கு அது ஓட்டைக் கழட்டுச்சு. இதுக்கு முந்தி ரெண்டு தடவை இதே மாதிரி முட்டையோட கழட்டினப்ப மாப்பிள்ளை வீட்டுக்குத் தோதுப்படல. ஒரு தடவை அஷ்டமி. இன்னொரு தடவை அவங்க ஊர்ல கோயில் கொடை விழா. கூனிக்கு ஆயுசே ஒன்றரை வருஷம். இதுதான் கடைசித் தடவைன்னு எனக்குத் தெரியும். அப்பாகிட்டயும் சொல்லியிருந்தேன். "வரட்டும், பேசிக்கிடலாம்"னு சொல்லியிருந்தார்.

பொண்ணோட வாசனை மூடியைத் தாண்டித் தூக்குவாளிக்குள்ளயும் போயிருச்சு. மாப்பிள்ளை உள்ள சுத்திச் சுத்தி எவர்சில்வர்ல மோத ஆரம்பிச்சுது. டிக். டிக். டிக். கூடத்துல இருந்த எல்லாருக்கும் கேட்டுச்சு. நடுவுல தாம்பாளத்துல ஒன்பது வாதாம் இலை வச்சிருந்தோம். மக்கின வாதாம் இலைன்னா கூனிக்கு உசுரு.

"காப்பித்தூள் மாத்தியிருக்கோம் அண்ணாச்சி, அதான் அப்படித் தெரியும்," அம்மா சொன்னாங்க. எந்தச் சண்டையையும் காப்பித்தூள் மேல போடத் தெரிஞ்சவங்க எங்க அம்மா.

"தூள்ல ஒண்ணுமில்ல கோமதி. தண்ணியத்தான் சொல்லுதாவ," அப்பா சொன்னார்.

"நான் தப்பாச் சொல்லல," அண்ணாச்சி சொன்னார். அவர் முழுப் பேர் சிவனணைந்த பெருமாள். "எங்க வீட்டுத் தண்ணி குடிச்ச நாக்கு. மத்தது எல்லாம் அதுக்குக் கரிக்கத்தான் செய்யும்."

அண்ணாச்சி வீட்டுக் கிணறு அவரே மூணு கோடையில தோண்டினது. அதுல ஒரு கோடை முழுக்கப் பாறை. கிணத்தைப் பத்திப் பேசும்போது உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பாத்துக்குவார்.

அப்பா உள்ள போய் தண்ணியில உப்பு அளக்கற மீட்டரைக் கொண்டுவந்து தொட்டியில முக்கினார். "நூத்திப் பத்து. இந்த ஜில்லாவுல இப்படி ஒரு தண்ணி காட்டுங்க பாப்போம்."

"எங்களுது நாப்பது."

"நாப்பதா? அதுல என்ன சத்து இருக்கு? எங்க பொண்ணுக்கு ஓடு எப்படி இறுகும்?"

"எங்க பயலுக்கு இறுகாமலா இருக்கு? சத்தத்தைக் கேளுங்க."

டிக். டிக். டிக்.

"கேட்டேன். மாப்பிள்ளை மெலிஞ்சிருக்கார்னு சத்தத்துலயே தெரியுது," அப்பா சொன்னார்.

அண்ணாச்சி சம்சாரம் செல்லத்தாய் அத்தை அதுவரைக்கும் கேசரியப் பாத்துக்கிட்டு இருந்தாங்க. இப்ப தட்டைத் தள்ளி வச்சாங்க. "மெலிஞ்சவன் வீடேறி வந்து கேக்கணும்னு எங்களுக்கு என்ன தலையெழுத்தா? எங்க பயலுக்குப் பொண்ணு வரிசையில நிக்கும்."

"எங்க பொண்ணுக்கு மட்டும் என்ன மதினி குறைச்சல்," அம்மாவும் ஆரம்பிச்சாங்க. "ஆயிரம் வரன் வரும்."

தேவசகாயம் அண்ணன் இருமினார். அவர்தான் வனக்காப்பாளர். வரன் பாத்துக் கொடுக்கறதும் அவர் வேலைதான். கைல எப்பவும் ஒரு ஜிப் பை வச்சிருப்பார், அதுக்குள்ள எல்லா இனத்தோட போட்டோவும் இருக்கும். "ஐயா, ரெண்டு வீட்டாரும் கொஞ்சம் கேளுங்க. இந்த வரனை விட்டா வேற வரன் இல்ல."

"எல்லாத் தரகரும் அப்படித்தான் சொல்லுவாவ," செல்லத்தாய் அத்தை சொன்னாங்க.

தூக்குவாளி எனக்கு நாலடி தூரத்துல இருந்துச்சு. தொட்டி அதுக்கு ரெண்டடி. ஆனா ரெண்டு வீட்டுப் பெரியவங்களும் சம்மதம் சொல்லி, ரெண்டு பேரும் வாளியில கை வச்சு ஊத்தணும். அதுதான் முறை. சம்மதம் இல்லாம ஊத்தினா, பொறக்கற குஞ்சு பதிவுல ஏறாது. பதிவுல ஏறாத குஞ்சு செவ்வரிக்கூனி கிடையாது. அதனால நான் தொடல.

பதினொண்ணு இருபதுக்கு தேவசகாயம் அண்ணன் ஒரு வழி சொன்னார். "உங்க தண்ணியும் வேண்டாம், அவுக தண்ணியும் வேண்டாம். ரெண்டும் பொறந்த சருகோடைத் தண்ணியக் கொண்டாருவோம். பொதுவா ஒரு சட்டியில ஊத்தி, அதுல வச்சு முடிச்சிருவோம்."

அப்பா அண்ணாச்சியைப் பாத்தார். அண்ணாச்சி அப்பாவைப் பாத்தார். ரெண்டு பேரும் தலையாட்டினாங்க. நான் அப்பவே ரெண்டு பிளாஸ்டிக் கேனைத் தூக்கிட்டு வாசலுக்கு ஓடிட்டேன்.

தேவசகாயம் அண்ணன் பைக்ல நாப்பது நிமிஷம். சருகோடையில தண்ணி இல்ல. மே மாசத்துல முன்னாடியெல்லாம் கணுக்கால் அளவாவது ஓடும். இப்ப வெள்ளைக் கல்லும் ஷாம்பு பாக்கெட்டும்தான் கிடந்துச்சு. ஓடை முழுக்க ஒரு கருப்புக் குழாய்க்குள்ள ஏறிக் கீழ ஒரு தங்கும் விடுதிக்குப் போகுது. அங்க நீச்சல்குளத்துல நீலமா இருக்கு. குளத்துத் தண்ணியக் கேக்கலாம்னு போனோம். மருந்து போட்டிருக்கு, மனுஷங்களுக்கு மட்டும்தான் ஆகும்னு வாட்ச்மேன் சொன்னார். குழாய் ஒரு பாறைமேல வளையற இடத்துல ஜாயிண்டு கசியறதாவும் அவரே சொன்னார். அது மட்டும்தான் இன்னும் ஓடையாம்.

நாங்க அந்தக் கசிவுக்கு அடியில கேனைப் பிடிச்சுக்கிட்டு நின்னோம். சொட்டுச் சொட்டா விழுந்துச்சு. பத்து லிட்டர் ரொம்ப ரெண்டு மணி நேரம் ஆச்சு. ஒருத்தருக்குக் கை வலிச்சா இன்னொருத்தர் பிடிச்சோம்.

"நீங்க இதுவரைக்கும் எத்தனை வரன் முடிச்சிருக்கீங்கண்ணே?" நான் கேட்டேன்.

"பதினாலு பேசியிருக்கேன். முடிஞ்சது ஒண்ணு. ஒரு தவளை."

"அந்த வீட்டுக்காரங்க நல்லவங்களா?"

"பேச்சுவார்த்தை அன்னைக்கு ரெண்டு வீட்டாரும் ஒரே சாவு வீட்டுக் கேதத்துக்குப் போயிட்டாவ. நான் ரெண்டு பெட்டியையும் பக்கத்துல பக்கத்துல வச்சுட்டு டீ குடிக்கப் போனேன். மூடி சரியா மூடல."

"பதிவுல ஏத்துனீங்களா?"

"எப்படி ஏத்த? சம்மதம் இல்லையே. அந்த இனம் முடிஞ்சுதுன்னுதான் எழுதியிருக்கு." கேனை இடது கைக்கு மாத்திக்கிட்டார். "மழை பேஞ்சா கத்துது. எங்க குவார்ட்டர்ஸ் வரைக்கும் கேக்கும்."

கேன் நிறைஞ்சதும் மூடியைத் திருகிட்டுக் கிளம்பினோம்.

வீட்டுக்கு வந்தப்ப மூணு மணி. கூடத்துல யாரும் இல்ல. பொண்ணு பாக்க வந்தவங்களைச் சாப்பாடு போடாம அனுப்பறது எங்க அம்மாவுக்குப் பழக்கமில்ல. எல்லாரும் பின்கட்டுல இலை போட்டு உக்காந்திருந்தாங்க. ரசம் நல்லாருக்குன்னு அண்ணாச்சி ரெண்டாவது தடவை கேக்கற சத்தம் வந்துச்சு. அதே தண்ணியில வச்ச ரசம்தான். தேவசகாயம் அண்ணன் வண்டியை நிழல்ல விடறேன்னு வெளியவே நின்னுட்டார். கொஞ்ச நேரம் ஆகும்னு வேற சொன்னார்.

தூக்குவாளி கூடத்துல தனியா இருந்துச்சு. டிக். அப்புறம் கொஞ்சம் இடைவெளி. டிக். காலைல இருந்த வேகம் இல்ல. துண்டு காஞ்சுபோயிருந்துச்சு. நான் அதை நனைச்சுப் போட்டேன். தொட்டியில பொண்ணு கண்ணாடியை ஒட்டி, வாளி இருக்கற பக்கமாத் திரும்பி நின்னுச்சு. மீசை ரெண்டும் முன்னாடி நீட்டிக்கிட்டு இருந்துச்சு.

மூடியை எடுக்க ஒரு கை போதும். ஊத்த இன்னொரு கை. நான் ரெண்டு கையிலயும் கேனை வச்சிருந்தேன். கீழ வச்சேன். பதிவுல ஏறாத குஞ்சைக் காப்பாத்தினா அது எந்த இனத்தைக் காப்பாத்தினதா ஆகும்னு யோசிச்சேன். தவளை கத்தறதையும் யோசிச்சேன். டிக். யோசிச்சுக்கிட்டே இருந்தேன். பத்து நிமிஷம் இருக்கும்.

அப்புறம் பின்கட்டைப் பாத்து, "தண்ணி வந்துருச்சு"ன்னு கூப்பிட்டேன்.

எல்லாரும் கை கழுவிட்டு வந்தாங்க. அம்மா புது மண்சட்டி ஒண்ணைக் கழுவிக் கொண்டுவந்து நடுவுல வச்சாங்க. நான் ஊத்தினேன். தண்ணி டீத்தண்ணி மாதிரி பழுப்பா இருந்துச்சு, இலை ஊறின நிறம். கூனிக்கு அதைவிட நல்ல தண்ணி உலகத்துல கிடையாது. எனக்கு அதைப் பாத்ததும் கண்ணு கலங்கிருச்சு.

"முதல்ல பாத்துக்கிடுவோம்," அண்ணாச்சி சொல்லிட்டு ஒரு டம்ளர்ல மொண்டு வாயில ஊத்தினார். கொப்புளிச்சார். வாசல்ல போய்த் துப்பினார். அப்பா இன்னொரு டம்ளர்ல மொண்டார். அவரும் துப்பினார்.

"இலை வாடை," அண்ணாச்சி சொன்னார்.

"சேத்து வாடையும் இருக்கு. நீங்க சொல்லுதது சரிதான் அண்ணாச்சி."

"இதைக் குடிச்சா வயித்தால போகும்."

"எங்க ஊர்ல இப்படி ஒரு தண்ணிய விட்டா என்னை வேலையை விட்டே தூக்கிருவாவ."

"எங்க கிணத்துல ஒரு நாள் இந்த நிறத்துல ஊறுச்சுன்னா நான் கிணத்தை மூடிருவேன்."

அன்னைக்கு முழுக்க அவங்க ரெண்டு பேரும் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்துலதான். அதனால அதை விடல. பக்கத்துல பக்கத்துல உக்காந்துக்கிட்டாங்க. எந்த ஊர்ல எந்த வருஷம் கெட்ட தண்ணி குடிச்சோம்னு மாத்தி மாத்திச் சொன்னாங்க. அப்பா ராணுவத்துல சேரப் போய்த் திரும்பி வந்தப்ப ஒரு ரயில் நிலையத்துல குடிச்ச தண்ணி. அண்ணாச்சி கல்யாணத்துக்கு மறுநாள் மாமனார் வீட்டுல குடிச்ச தண்ணி. "எங்க அப்பா வீட்டைச் சொல்லலேன்னா இவுகளுக்குப் பொழுது போகாது," செல்லத்தாய் அத்தை சொன்னாங்க. எல்லாரும் சிரிச்சாங்க. அம்மா மறுபடி காப்பி போட்டாங்க. யாரும் தண்ணியக் குறை சொல்லல.

"அப்பா, ஓடு இறுகுது," நான் சொன்னேன்.

"இரு சங்கரி. பெரியவங்க பேசிக்கிட்டு இருக்கோம்ல."

தேவசகாயம் அண்ணன் ஜிப் பையைத் திறந்து மூடினார். டிக் சத்தம் எப்ப நின்னுச்சுன்னு எனக்குச் சரியாத் தெரியல. நான் கவனிச்சப்ப அஞ்சு பத்து.

"பய அசந்துட்டான்," செல்லத்தாய் அத்தை துண்டை விலக்கிப் பாத்துட்டுச் சொன்னாங்க.

அஞ்சு அம்பது பஸ்ஸுக்கு அவங்க கிளம்பினாங்க. மனசு நோகாமத்தான் பிரிஞ்சோம். அம்மா மிச்சக் கேசரியை டப்பாவுல போட்டுக் கொடுத்தாங்க. அப்பா பஸ் ஸ்டாப் வரைக்கும் போய் ஏத்திவிட்டார். திரும்பி வந்து, "நல்ல மனுஷர். தண்ணி விஷயத்துல மட்டும் கொஞ்சம் பிடிவாதம். பரவால்ல, வேற இடம் பாத்துக்கிடலாம்"னு சொல்லிட்டு வால்வு மூடப் போயிட்டார்.

நான் தொட்டிக்குள்ள விரலை விட்டு மெதுவா தொட்டுப் பாத்தேன். முதுகு கெட்டியா இருந்துச்சு. பொண்ணு வாளி இருந்த பக்கத்தை விட்டுட்டுப் பின்னாடி போய்க் கண்ணாடியைச் சுரண்டித் திங்க ஆரம்பிச்சுது.

மாப்பிள்ளை பஸ்லயே இறந்துபோயிருக்கு. மறுநாள்தான் போன் வந்துச்சு. பொண்ணு அதுக்கப்புறம் இருபத்திமூணு நாள் இருந்துச்சு. முட்டை மஞ்சள் மெல்ல மெல்லக் கரைஞ்சு அதோட உடம்புக்குள்ளயே போயிருச்சு. இருபத்திநாலாவது நாள் காலைல ஒருக்களிச்சுக் கிடந்துச்சு. கண்ணாடி மாதிரி இருந்த உடம்பு சோறு மாதிரி வெள்ளையா ஆகியிருந்துச்சு. சிவப்புக் கோடு மட்டும் அப்படியே இருந்துச்சு.

ரெண்டு ஊர் பஸ் ஸ்டாப்லயும் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டினோம். மாப்பிள்ளை போட்டோ வேற யார்கிட்டயும் இல்ல, தேவசகாயம் அண்ணன் பையில இருந்தது மங்கிப்போயிருந்துச்சு. அதனால பொண்ணு போட்டோவையே திருப்பிப் போட்டு ரெண்டு பக்கமும் வச்சாங்க. ஒண்ணை ஒண்ணு பாத்துக்கிட்டு இருந்துச்சுங்க. நல்ல ஜோடின்னு பாத்தவங்க எல்லாரும் சொன்னாங்க.

அடுத்த திங்கக்கிழமை தேவசகாயம் அண்ணன் ரெண்டு பக்கம் டைப் அடிச்ச தாள் ஒண்ணைக் கொண்டுவந்தார். ஒரு இனம் முடிஞ்சா அது செஞ்சுக்கிட்டு இருந்த வேலை நிக்கக் கூடாது. கடைசியா வச்சிருந்த வீடுங்க அதைச் செய்யணும். முதல் பக்கத்தை வாசிச்சுக் காட்டினார். சருகோடையில விழற இலையைத் தின்னு தூளாக்கணும். கல்லுமேல பிடிக்கற பாசியைச் சுரண்டணும். செத்த பூச்சி எதுவும் கிடக்கக் கூடாது. எங்க வீட்டுக்கு நூத்திநாலு கல்லு, அண்ணாச்சி வீட்டுக்கு நூத்தியெட்டு.

"அவுகளுக்கு ஏன் நாலு கூட?" அப்பா கேட்டார்.

"அவுகளுக்கு ஒதுக்கின பள்ளத்துல கல்லு சின்னது."

அப்பாவுக்கு அது நியாயமாப் பட்டுச்சு.

ஜூன்ல சாரல் விழுந்து ஓடையில முழங்கால் தண்ணி வந்துருச்சு. காலைல ஆறு மணிக்குப் போயிருவோம். அப்பா வால்வைத் திறந்து விட்டுட்டு நேரா வந்துருவார். தண்ணி ஜில்லுன்னு இருக்கும், கொஞ்ச நேரத்துல கால் இருக்கறதே தெரியாது. அம்மா நகத்தாலயே பாசி எடுப்பாங்க. அப்பாவும் அண்ணாச்சியும் ஒரே பாறையில உக்காந்து இலை மெல்லுவாங்க. புது இலை கசக்கும், ஒரு வாரம் ஊறினதுன்னா பரவால்ல. செல்லத்தாய் அத்தை நரம்பைத் தனியா உருவி அம்மாகிட்ட கொடுப்பாங்க, அம்மாவுக்குப் பல்லு தேவலாம். நான் கல்லு இடுக்குல கிடக்கற பொடியை வாரி வாரித் தின்னுவேன். அது எனக்குப் பிடிச்சிருக்கு. இவ்வளவு வேலையை ஒரு சுண்டுவிரல்ல பாதி இருக்கற ஒண்ணு சத்தமே இல்லாம செஞ்சுக்கிட்டு இருந்திருக்குன்னு தினமும் நெனச்சுக்குவேன். நாங்க அஞ்சு பேர் சேந்தும் பாதிக் கல்லைத் தாண்டல. ஓடை லேசா நாற ஆரம்பிச்சிருக்கு.

"தண்ணி என்னமோ நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி," போன வாரம் அப்பா ஒரு கை அள்ளிக் குடிச்சுட்டுச் சொன்னார்.

அண்ணாச்சியும் அள்ளிக் குடிச்சார். "ஆமாவே. அன்னைக்கு நம்ம வாய்தான் சரியில்ல போல."

நேத்து தேவசகாயம் அண்ணன் ரெண்டாவது பக்கத்தை வாசிச்சார். தின்னுறது கூனி செஞ்ச வேலையில பாதிதான். மீதிப் பாதி, தின்னக் கொடுக்கறது. ஓடையில இருக்கற மீன், மீன்கொத்தி, நீர்நாய் எல்லாம் கூனியை நம்பித்தான் இருந்துச்சுங்க. பாவம், அதுங்களுக்கு ஒரு வருஷமா ஒண்ணுமில்ல. கூனின்னா ஆயிரக்கணக்குல வேணும். மனுஷங்க பெருசுங்கறதால ஒரு சாரல் சீசனுக்கு ஒரு ஆள் போதும்னு போட்டிருக்கு. முதல்ல யார்னு ரெண்டு வீட்டாரும் பேசி முடிவு பண்ணிக்கலாம்.

"மாப்பிள்ளை வீட்டுக்காரங்க இருக்கும்போது நாங்க முந்தினா மரியாதையா இருக்காது," அப்பா சொன்னார்.

"அதெப்படி. பொண்ணைப் பெத்தவங்க நீங்க," அண்ணாச்சி சொன்னார். ரெண்டு தடவை மறுத்தார். மூணாவது தடவை சரின்னுட்டார். ரெண்டே நிமிஷத்துல சம்மதம் ஆயிருச்சு. தேவசகாயம் அண்ணன் பதிவுல ஏத்திக்கிட்டார்.

இன்னைக்குக் காலைல அண்ணாச்சி வாட்ச்சைக் கழட்டி அத்தைகிட்ட கொடுத்தார். கிணத்து மோட்டாரை எத்தனை மணிக்குப் போடணும், எப்ப நிறுத்தணும்னு அவங்ககிட்ட விவரமாச் சொன்னார். சட்டையை மடிச்சுக் கல்லுமேல வச்சுட்டு ஆழமான பள்ளத்துல போய் உக்காந்துக்கிட்டார். கழுத்து வரைக்கும் தண்ணி. அத்தை கரையில நின்னு, "தலையத் துவட்டுதீங்களா"ன்னு கேட்டாங்க, அப்புறம் அவங்களே, "சரி, வேண்டாம்"னு சொல்லிக்கிட்டாங்க. அப்பா தள்ளி இருக்கற பாறையில இலை மென்னுக்கிட்டு இருக்கார். நான் கரையேறிக் கை காஞ்சதும் இதை டைப் பண்றேன்.

தாள்ல நீர்நாய் ஆறரைக்குன்னு போட்டிருக்கு. இப்ப ஏழு இருபது. அண்ணாச்சிக்குக் குளிர்ல உதடு நீலமாயிருச்சு.

உங்க ஊர்லயும் ஏதாவது ஒரு இனம் முடிஞ்சு, அதோட வேலை உங்க வீட்டுக்கு வந்துச்சா? உங்களுக்கு நீர்நாய் சரியான நேரத்துக்கு வந்துச்சா, இல்ல நாங்கதான் இடம் மாத்தி உக்காந்திருக்கோமா?